ஒன்பதாம் நிலையம்

எண்: சு/1
செங்காங்
15 ஜூலை 2025

திருமதி இரஞ்சிதம் கேசவன் அவர்களுக்கு,
பாட ஆக்கப் பிரிவுத் தலைவர்,
‘சொல் ரயில்’ இணையவழித் தமிழ்க் கற்றல் குழு,
கிளமெண்டி.

பொருள்: தொடக்கநிலை ஐந்தில் பயிலும் என் மகள் நிவேதிகாவுக்கு இழைக்கப்பட்ட தீங்கு

1. 17 மார்ச்: என் மகள் காய்ச்சலில் படுத்திருந்த அன்று, தங்கள் செயலியிலிருந்து என் கைப்பேசிக்கு வந்த செய்தி: “நிவேதிகாவின் ரயில் இன்று நகரவில்லை. நாளைக் காலைக்குள் நகராவிட்டால் பணிமனைக்குத் திரும்பிவிடும். நாற்பத்தொரு நாள் பயணம் வீணாகும்.” உடன் கண்ணீர் விடும் ரயிலின் படம். இது பாடமா, மிரட்டலா?

2. 3 ஜூன்: தங்கள் இயந்திரம் அவளுடைய பேச்சுக்கு “ஐந்துக்கு ஐந்து, சரளம் மிக அருமை” என்று மதிப்பெண் வழங்கி, அவளுடைய ரயிலை முப்பத்தொன்றாம் நிலையத்துக்கு ஏற்றியது.

3. 28 ஜூன்: அறுநூறு மாணவர்களில் முதல் ஐவருள் ஒருத்தி என்று அறிவித்து, சிராங்கூன் சாலை மண்டபத்தில் நடக்கும் குடும்ப தினத்தில் மேடையில் விளையாட அவளை அழைத்தீர்கள். அழைப்பில் தங்கள் கையொப்பம் இருந்தது.

4. 12 ஜூலை, பிற்பகல் 3.40: முந்நூறு பேர் முன்னிலையில், பேச்சே இல்லாத ஓர் அசைபடத்தைப் பெருந்திரையில் ஓடவிட்டீர்கள். பேருந்தில் முதியவர் ஒருவருக்கு யாரும் இடம் தராத காட்சி. அதைப் பற்றிக் கருத்துரைக்க வேண்டும். என் மகள் தொண்ணூற்று நான்கு விநாடி வாய் திறக்காமல் நின்றாள். அவள் தலைக்கு மேலே கடிகாரம் சிவப்பாக ஓடியது. பிறகு லாரியின் ஊதல் போன்ற ஓர் ஒலி. நெறியாளர் மாசிலாமணி, “என்னம்மா, ரயில் பிரேக்டவுனா?” என்றார். கூட்டம் சிரித்தது. அவள், “எங்க அப்பாவைக் கேளுங்க” என்றாள். கூட்டம் இன்னும் உரக்கச் சிரித்தது.

5. அதே நாள், அதே நேரம்: மேடையின் கீழே, கையில் கட்டுப்பாட்டுப் பலகையுடன் அமர்ந்திருந்தவர் தாங்கள். கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான் தங்கள் விரலுக்கு அடியில் இருந்தது. தாங்கள் நிறுத்தவில்லை.

6. 13 ஜூலை முதல் இன்று வரை: என் மகள் வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை. “சாப்பிடுறியாம்மா?” என்றால் “நாட் ஹங்ரி.” அடுத்த ஆண்டு அவளுக்கு வாய்மொழித் தேர்வு இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஒரே குழந்தை, ஒரே இயந்திரம். ஜூன் மாதம் ஐந்துக்கு ஐந்து, ஜூலையில் சுழியம். இரண்டில் ஒன்று பொய். எது என்று விளக்கி, மன்னிப்பும் கோரி எழுத்து மூலம் பதில் தர வேண்டும். தொலைபேசி அழைப்பும் வாட்ஸ்அப் செய்தியும் ஏற்கப்படா. தாங்கள் என் உடன்பிறந்தவர் என்பது இந்த முறையீட்டில் கருத்தில் கொள்ளப்படவில்லை.

பதிலுக்கான இறுதிக் கெடு: 22 ஜூலை, மாலை 5 மணி.

பே. சுஜீந்திரன்

*

கிளமெண்டி
20 ஜூலை 2025

அண்ணா,

உறையில் ‘திருமதி’ என்று பார்த்ததும் கடிதம் வேறு யாருக்கோ என்று நினைத்தேன். பிறகுதான் உங்கள் கையெழுத்து தெரிந்தது. கட்டுமான நிறுவனத்தில் இருபத்தெட்டு வருடமாக எதிர்த் தரப்புக்கு எழுதும் கோரிக்கைக் கடிதங்கள் இப்படித்தான் இருக்குமா? வாங்கியவர்கள் எப்படித் தூங்கினார்களோ.

கிண்டல் செய்யும் நிலையில் நான் இல்லை. எண் போட்டே பதில் சொல்கிறேன்.

முதலாவது என் குற்றம். ஒரு நாள் விட்டால் ரயில் பணிமனைக்குத் திரும்பும் என்பது என் யோசனை. பிள்ளைகள் தினமும் ஐந்து நிமிடம் தமிழ் பேச ஒரு சாக்கு வேண்டும் என்று நினைத்தேன். அழும் ரயிலைப் பெற்றோரின் கைப்பேசிக்கும் அனுப்பலாம் என்றதும் நான்தான். காய்ச்சல் வரும் என்று நினைக்கவில்லை.

ஐந்தாவதற்கு என்ன எழுதுவது? பொத்தான் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. முதல் முப்பது விநாடி, பிள்ளை யோசிக்கிறாள் என்று நினைத்தேன். அறுபதில் அவள் யோசிக்கவில்லை, பயந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் எங்கள் இயக்குநர் ருக்கையா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் பள்ளி முதல்வர்கள். விளையாட்டை நடுவில் நிறுத்தினால் பழுது என்று நினைத்துவிடுவார்களே என்று கணக்குப் போட்டேன். முப்பத்து நான்கு விநாடி கணக்குப் போட்டேன் அண்ணா. அவள் மேடையிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு உங்களிடம் அல்ல, அவளிடம் கேட்க வேண்டியது. நீங்கள் விட்டால் வந்து கேட்கிறேன்.

ஜூன் சரியா, ஜூலை சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான் என்று நினைக்கிறேன். இந்த விளையாட்டு, பிள்ளை நன்றாகச் சொன்னால் அடுத்த படத்தைக் கடினமாக்கும், தடுமாறினால் எளிதாக்கும். கடைசியான முப்பத்தொன்றாம் நிலையத்து அசைபடம் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு உரியது. அந்தப் பேருந்தைப் பார்த்து மேடையில் நிவேதிகா விழித்த விழி, அப்படி ஒன்றை முதல்முறை பார்ப்பவளுடையது.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. காய்ச்சல் நாளிலோ வேறு நாளிலோ, வீட்டில் யாராவது அவளுக்கு உதவி செய்தீர்களா? செய்திருந்தால் தப்பில்லை. எனக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் தங்கை,
இரஞ்சி

*

எண்: சு/2
செங்காங்
23 ஜூலை 2025

திருமதி இரஞ்சிதம் கேசவன் அவர்களுக்கு,

தங்கள் 20ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

ஒப்பந்ததாரர் போட்ட தளம் விரிசல் விட்டதும், “நீங்கள் ஏதாவது கனமான பொருளை வைத்தீர்களா?” என்று கேட்பார். இருபத்தெட்டு ஆண்டுகளில் இந்தக் கேள்வி பலமுறை என் காதில் விழுந்திருக்கிறது. பழுது செய்தவன் குற்றத்தைப் பயன்படுத்தியவன் தலையில் ஏற்றுவதற்கான முதல் படி அது. தாங்களும் அந்தப் படியில் ஏறியது எனக்கு வியப்பளிக்கவில்லை. தங்கை என்று கையொப்பமிட்டுக்கொண்டு ஏறியதுதான் வியப்பு.

‘உதவி’ என்ற சொல்லை நான் வன்மையாக மறுக்கிறேன். என் வீட்டில் தமிழ் பேசப்படுகிறது. நம் தந்தையார் பேரின்பநாயகம் எழுத்தராக இருந்த காலத்திலும் அவர் மேசையில் தமிழ் அகராதி இருந்தது. இப்போது அது என் மேசையில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை முப்பத்தொன்றாம் நிலையத்தை எட்டியது தங்களுக்கு நம்ப முடியாததாகத் தோன்றினால், அது தங்கள் குறை.

ஆகவே:

(அ) முதல் கடிதத்தையும் இக்கடிதத்தையும் இயக்குநர் திருவாட்டி ருக்கையாவுக்கு இன்று அனுப்பியிருக்கிறேன்.

(ஆ) 17 மார்ச் முதல் 12 ஜூலை வரை நிவேதிகாவின் கணக்கில் நடந்த ஒவ்வொரு பயிற்சியின் முழுப் பதிவையும், தேதி, நேரம், மதிப்பெண் உட்பட, எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பெற்றோர் என்ற முறையில் அதற்கு ஒப்புதல் அளிக்கிறேன். மனிதர் பொய் சொல்வார்கள். ஆவணம் சொல்லாது.

தாங்கள் வீட்டுக்கு வருவதை நான் விரும்பவில்லை.

கெடு: 30 ஜூலை, மாலை 5 மணி.

பே. சுஜீந்திரன்

*

கிளமெண்டி
27 ஜூலை 2025

அண்ணா,

இதைத் தட்டச்சு செய்யவில்லை. அலுவலகக் கணினியில் இதன் நகல்கூட இருக்கக் கூடாது என்று கையால் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட பதிவுகளை எடுத்தேன். தேதியும் நேரமும் மதிப்பெண்ணும் மட்டும் இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் வாயால் சொல்லும் ஒவ்வொரு பதிலும் ஆறு மாதத்துக்கு ஒலியாகச் சேமிக்கப்படும். பதிவு செய்தபோது நீங்கள் ஒப்புதல் கொடுத்த படிவத்தில் நான்காம் பத்தியில் அது இருக்கிறது. எதிர்த் தரப்பின் ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளியையும் விடாத நீங்கள் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

நான் கேட்டேன். நான் மட்டும்தான் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டிக் கேட்டேன்.

16 மார்ச் வரை நிவேதிகாவின் குரல். மறுநாளிலிருந்து உங்கள் குரல்.

முதல் சில நாட்கள் உங்கள் இயல்பான குரலில் பேசியிருக்கிறீர்கள். ‘சிறுவர் குரல் கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்று இயந்திரம் ஒவ்வொரு நாளும் பலமுறை மறுத்த பிறகே ஏற்றிருக்கிறது. 21 மார்ச்சிலிருந்து நீங்கள் குரலை மாற்றியிருக்கிறீர்கள். 29 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 1.12. நிவேதிகா பள்ளியில் இருக்கும் நேரம். கார் கதவு சாத்தும் சத்தம். பின்னால் வாகனம் பின்வாங்கும் பீப், பீப். உங்கள் பூன் லே கட்டுமானத் தளம் என்று நினைக்கிறேன். ஒரு சின்னப் பெண்ணின் குரலை வரவழைத்துக்கொண்டு நீங்கள் சொல்கிறீர்கள்: “சிறுமி பூங்காவில் பட்டம் விடுகிறாள். அவளுடைய முகம் மகிழ்ச்சியில் மலர்ந்திருக்கிறது.” அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டி, “அண்ணே, கான்கிரீட் லாரி வந்துருச்சு. யாரு கூட இருக்கீங்க, பாப்பாவா?” என்கிறார். நீங்கள் உங்கள் சொந்தக் குரலில், “ஆமா, பாப்பாதான். போ, வரேன்” என்கிறீர்கள்.

முதலில் சிரித்துவிட்டேன் அண்ணா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மறைக்க விரும்பவில்லை. பிறகு சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அடுத்து, 11 மே, ஞாயிற்றுக்கிழமை காலைப் பதிவைத் திறந்தேன். வீட்டில். பின்னால் அண்ணி தோசை ஊற்றும் சத்தம். நீங்கள் அந்தக் குரலில் தொடங்குகிறீர்கள். நடுவில் உண்மையான குரல் ஒன்று வருகிறது:

“அப்பா, இன்னைக்கு நான் சொல்றேன் பா.”

“நீ பேசாம இரு. தப்பாச் சொன்னா ரயில் இறங்கிடும்.”

“இட்ஸ் மை டிரெயின் லா.”

“உஷ்!”

அப்புறம் மறுபடி அந்தக் குரல். ஐந்துக்கு ஐந்து.

இனி என் பங்கையும் எழுதிவிடுகிறேன். பெரியவர்களின் குரல் இருக்கும் கணக்குகள் இன்னும் நாற்பத்து மூன்று உண்டு. ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். ஓர் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். ஒரு வீட்டில் அண்ணன்காரன் தம்பிக்காகப் பேசுகிறான். நான் எதுவும் செய்யவில்லை. எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போனது, ருக்கையா கூட்டங்களில் என்னைப் பாராட்டினார், பட்டியலின் மேலே என் அண்ணன் மகளின் பெயர் இருந்தது. அதை மட்டும் திறந்து கேட்கவே இல்லை. திறந்தால் என்ன கேட்கும் என்று எனக்கு ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருக்கலாம். உங்கள் ஒப்புதல் வந்த பிறகு திறக்காமலிருக்க வழியில்லை.

உங்கள் முறையீட்டுக்கு நான் ஆகஸ்ட் 8க்குள் ருக்கையாவிடம் விளக்கம் கொடுக்க வேண்டும். இந்தப் பதிவுகளில் ஒன்றை வைத்தால் ஒரே நிமிடத்தில் என் பக்கம் முடிந்துவிடும். வைக்கவில்லை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

இரஞ்சி

*

எண்: சு/3
செங்காங்
31 ஜூலை 2025

திருமதி இரஞ்சிதம் கேசவன் அவர்களுக்கு,

தங்கள் 27ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. உள்ளடக்கம் கவனிக்கப்பட்டது.

17 மார்ச் முதல் உள்ள எல்லா ஒலிப்பதிவுகளையும் உடனடியாக அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்தவும். கணக்கை மூடிவிடவும். மேற்கண்டவை நிறைவேறினால் என் முறையீட்டைத் தொடராமல் விட்டுவிடுகிறேன்.

கெடு: 4 ஆகஸ்ட், மாலை 5 மணி.

பே. சுஜீந்திரன்

பின்குறிப்பு: கேசவன் கேட்டாரா? வேறு யாராவது?

*

கிளமெண்டி
3 ஆகஸ்ட் 2025

அண்ணா,

கேசவன் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. உங்கள் பின்குறிப்பை மட்டும் பலமுறை படித்தேன். மற்ற பகுதியைப் படிக்கக் கோபம் விடவில்லை.

அழிக்க மாட்டேன்.

முறையீட்டைத் ‘தொடராமல் விட்டுவிடுகிறேன்’ என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். வழக்கு கிடப்பில் கிடக்கும், யார் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் விஷயத்தில் அது பரவாயில்லை. நிவேதிகா விஷயத்தில் பரவாயில்லையா? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன்னால் முடியாத ஒன்றைத் தன் பெயரில் வைத்து, முந்நூறு பேர் முன்னால் நிற்க வைத்தார்கள் என்பதுதான். அன்று அவள் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். காட்டிக்கொடுத்தாள். ஒலிவாங்கியில் உண்மையைத்தான் சொன்னாள். கூட்டம் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டது, நீங்களும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். உங்கள் முதல் கடிதத்தில் நான்காவதாக அதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள்.

நேற்று அண்ணி அவளை இங்கே கூட்டிவந்தார். உங்களிடம் தேக்கா சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்களாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். கிளமெண்டிக்கு வர, கணவன் மனைவிக்குள் இப்படி ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். என் கணினியில் ரயில் வரைபடம் திறந்திருந்தது, குடும்ப தினத்துக்காக நிறுத்திவைத்த ஐந்து ரயில்களும் இன்னும் நின்ற இடத்திலேயே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள். மூன்று வாரத்தில் அது முதல்முறை என்று அண்ணி பிறகு சொன்னார்.

“அத்தை, என் டிரெயின் இப்ப எங்க இருக்கு?”

“முப்பத்தொண்ணுல.”

“அது என் டிரெயின் இல்ல அத்தை. நான் ஒன்பதுலயே இறங்கிட்டேன்.”

அவ்வளவுதான். பிறகு கேசவனோடு உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். அண்ணி அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குச் சிறுவயதில் சொல் திக்கும், ஞாபகம் இருக்கிறதா? வீட்டுத் தொலைபேசி அடித்தால் நான் எடுத்து ‘ஹ... ஹ...’ என்பதற்குள் நீங்கள் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வீர்கள். “அவ பேச மாட்டா, நான் சொல்றேன்.” அன்பாகத்தான் செய்தீர்கள். எனக்குப் பதினெட்டு வயது வரை தொலைபேசியில் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. இந்த விளையாட்டில் பதிலைத் தட்டுவதற்குப் பதிலாக வாயால் சொல்ல வைத்தது அதனால்தான். திக்கினாலும் இயந்திரம் காத்திருக்கும்படி செய்ததும் அதனால்தான். வீட்டு விளையாட்டில் கடிகாரமே கிடையாது. மேடைக்காக அதைச் சேர்த்ததும் நான்தான் என்பதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எட்டாம் தேதி ருக்கையாவிடம் இப்படி எழுதப்போகிறேன்: வடிவமைப்பில் குறை, பொறுப்பு என்னுடையது, பெற்றோர் தரப்பில் தவறில்லை. உங்கள் குரலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இது உங்களுக்காக அல்ல. நானும் அந்த நாற்பத்து மூன்று பேரை மறைத்தவள்.

கணக்கை மூட வேண்டாம். வேண்டுமானால் ரயிலை முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். அவள் புதிதாகத் தொடங்கட்டும்.

இரஞ்சி

*

செங்காங்
10 ஆகஸ்ட் 2025

இரஞ்சி,

இந்தக் கடிதத்துக்கு எண் இல்லை.

ஏழாம் தேதி மாலை திருவாட்டி ருக்கையாவுக்கு எழுதிவிட்டேன். உன் விளக்கம் போவதற்கு முன்பே அது போய்ச் சேர வேண்டும் என்று ஆளிடம் கொடுத்தனுப்பினேன். நகல் இணைத்திருக்கிறேன். சுருக்கம் இதுதான்: என் இரு கடிதங்களையும் திரும்பப் பெறுகிறேன். 17 மார்ச் முதல் 27 ஜூன் வரை என் மகளின் கணக்கில் பேசியவன் நான். இயந்திரம் வழங்கிய மதிப்பெண்ணில் பிழையில்லை, வழங்கப்பட்ட ஆள்தான் தவறு. பிறரது பிழைகளைப் பட்டியலிட்டே சம்பாதித்தவனுக்கு என்னுடையதை எழுத மூன்று வரி போதுமாக இருந்தது. அந்த மூன்று வரிக்கு இரண்டு நாள் ஆயிற்று. பெரியவர் குரல் கேட்கும் மற்றக் கணக்குகளைப் பற்றி நான் எழுதவில்லை. அது நீ எழுத வேண்டியது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. காய்ச்சல் நாளுக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கடுத்த நாளுக்கு என்னிடம் காரணம் இல்லை. காரில் அமர்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு படத்தைப் பார்த்து நல்ல தமிழில் இரண்டு வாக்கியம் சொன்னதும் ‘மிக அருமை’ என்று ஒரு குரல் வந்தது. வாணவேடிக்கை வெடித்தது. பட்டியலில் என் பிள்ளையின் பெயர் ஒரு படி ஏறியது. ஐம்பத்து நான்கு வயதில் நான் அதற்காக மதிய உணவைத் தள்ளிப்போட்டேன். அவளுக்காகச் செய்கிறேன் என்று எத்தனை நாள் நம்பினேன் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். கடைசி நாள் வரை.

மேடையில் அவள் ‘அப்பாவைக் கேளுங்க’ என்றபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. அவள் கவனித்தாள்.

நேற்று தேசிய நாள் அணிவகுப்பு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு மேலே விமானங்கள் போன சத்தம் அடங்கியதும் அவளிடம் சொன்னேன். உன் அண்ணி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே அமர்ந்திருந்தாள். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கடிதத் தமிழில் இருந்தன. “அப்பா செஞ்சது தப்பு” என்ற மூன்று சொல் மட்டும் வெளியே வந்தது.

அவள் கேட்ட முதல் கேள்வி: “அந்த வாய்ஸ எப்படிப் பேசுனீங்க? பேசிக் காட்டுங்க.”

“வேணாம்மா.”

“காட்டுங்க.”

காட்டினேன். என் மனைவியின் முன்னால், என் மகளின் முன்னால், அந்தக் குரலில், சிறுமி பூங்காவில் பட்டம் விடுகிறாள் என்றேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“அது என் வாய்ஸ் மாதிரி இல்லவே இல்ல” என்றாள். “பூனைக்குட்டி மாதிரி இருக்கு. நான் அப்படியா பேசுறேன்?”

மூன்று மாதத்துக்கு மேல் அவளாகப் பேசியவனுக்கு அவள் எப்படிப் பேசுவாள் என்று தெரிந்திருக்கவில்லை.

பிறகு, “ஒன்பதுல என்ன படம்னு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள். தெரியாது. நான் ஏறியது பத்தில். அவளே சொல்லத் தொடங்கினாள், தமிழில்: “ஒரு ஆன்ட்டி மார்க்கெட்டுல மீன் வாங்குறாங்க. மீனு எல்லாம் ஐஸ் மேல படுத்திருக்கு. ஆனா மீனுக்குக் கண்ணு மூடத் தெரியாது. அதனால அதுங்க எல்லாத்தையும் பாத்துட்டு இருக்குது. யாரு நல்ல மீனு, யாரு கெட்ட ஆன்ட்டின்னு...”

இதற்கு இயந்திரம் ஐந்துக்கு மூன்று கொடுத்திருக்கிறது. வைத்துக்கொள், அதைப் பற்றி உன்னோடு தனியாகச் சண்டை போடுவேன். அந்த மீன்களை என்னால் முப்பது நிலையம் ஏறினாலும் சொல்லியிருக்க முடியாது.

இங்கே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. அவள் ‘மீனு எல்லாம் படுத்திருக்கு’ என்றதும் நான், “‘மீன்கள் கிடக்கின்றன’ன்னு சொல்லணும்மா” என்றேன். என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. அவள் தொடர்ந்து இரண்டு வாக்கியம் சொன்னாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ‘கெட்ட ஆன்ட்டின்னு’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். “மீதி?” என்றேன். “நெவர் மைன்ட்” என்றாள்.

மீதி என்ன என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் இருக்கிறது. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அவள் சொன்னது பதிவாகியிருக்கும். ஆறு மாதம் முடிந்தால் அழிந்துவிடும் என்று நான்காம் பத்தி சொல்கிறது. இப்போது படித்துவிட்டேன்.

உன் தொலைபேசியைப் பிடுங்கியவனும் நான்தான். பதினெட்டு வயது வரை என்று எழுதியிருந்தாய். எனக்கு அது தெரியாது. நீ கூச்சக்காரி என்றுதான் இத்தனை காலமும் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். உனக்கும் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன்:

ஒன்று. ரயிலை முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகாதே. ஒன்பதாவதில் நிறுத்து. அதுவரை அவளே ஓட்டியது. என் பிழைக்காக அவளிடமிருந்து அந்த ஒன்பதையும் பறிக்க எனக்கும் உரிமையில்லை, உனக்கும் இல்லை.

இரண்டு. அந்தக் கணக்கில் இனி என் குரல் கேட்டால், எந்தக் குரலில் கேட்டாலும், ரயில் நகராமல் நிற்கும்படி செய். முடியாது என்று சொல்லாதே. சிறுவர் குரல் இல்லை என்று என்னை நான்கு நாள் மறுத்த இயந்திரம் அது.

மூன்று. 17 மார்ச்சுக்குப் பிந்தைய பதிவுகளை அழிக்க வேண்டாம். 11 மே பதிவை எனக்கு அனுப்பு. நான் கேட்க வேண்டும். ஒன்பதாம் நிலையத்துப் பதிவை எனக்கு அனுப்பாதே. அதை நிவேதிகாவிடம் கொடு. எனக்குப் போட்டுக் காட்டுவதா இல்லையா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

நான்கு. வரும் ஞாயிறு நீயும் கேசவனும் வீட்டுக்கு வர வேண்டும். உன் அண்ணி மீன் வாங்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நிவேதிகா சொல்லிவிட்டாள். அவை பார்த்துக்கொண்டிருக்குமாம்.

வருவாயா மாட்டாயா என்பதை 15 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தொலைபேசியில் சொல்லாதே. நீ சொல்லி முடிக்கும் முன்பே நான் பேசிவிடுவேன்.

அண்ணா